கழகத்துக் கணக்கும் கொட்டியாத்துக் கணக்கும்

வாங்க மகன், இரிங்க. ராவு முழுக்க போனைப் பாத்துக் கண் செவந்து கெடக்கு. புள்ள ஓ.எல். பரீட்சைக்குப் படிக்குது எண்டு உம்மா துஆ கேட்டுக்கிட்டு இரிக்கா. நீங்க மனப்பாடம் பண்ணினது ஸ்கொட்லாந்து செல்டிக் கழகத்து வரவு செலவாமே! வீட்டுக் கரண்ட் பில் எவ்வளவு எண்டு கேட்டா வாய் தொறக்காத புள்ள, ஜோட்டா எண்ட போர்த்துக்கல் பொடியனை 2023ல சவூதியில அல் இத்திஹாதுக்கு 2.5 கோடிப் பவுணுக்கு வித்த கதையைத் தூக்கத்துலயும் சொல்லுது. நல்ல படிப்புத்தான்.

கதையில மிச்சத்தையும் சொல்லோணும். சவூதியில சரிவராம பிரான்சுக்குப் போன அந்தப் பொடியனை, 2025 ஜனவரியில அதே செல்டிக் திருப்பி வாங்கினாங்க. பேப்பர்ல வந்த விலை எண்பது லட்சம் பவுண் கிட்ட. எருமையை நல்ல விலைக்கு வித்துப்போட்டு, அது மெலிஞ்சாப் பொறகு மூண்டுல ஒரு பங்குக்குத் திருப்பி ஓட்டிட்டு வாற யாவாரி நம்மட பக்கத்துலயும் இரிக்கான். அவன்ட பேர் பேப்பர்ல வாறல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

செல்டிக் காசைக் கூடுதலாக் கொட்டி வாங்கின ஆள், 2024ல வந்த பெல்ஜியத்து ஆர்னே எங்கெல்ஸ். 1.1 கோடிப் பவுண். சரி, கோல் கணக்குல முதலாவது யார்? ஆ, இப்ப மட்டும் போனைத் தடவுறீங்க. ஜிம்மி மெக்குரோரி மகன். 445 மெச், 468 கோல். மெச்சுக்கு ஒண்டுக்கும் மேல. 1928ல லண்டன் ஆர்சனல்காரர் பெருந்தொகையோட வந்து நிண்டாங்க. கழகத்துக்கும் விக்க ஆசை. இந்த மனுசன்தான் போகமாட்டன் எண்டுட்டார். அதுக்குக் கழகம் என்ன செய்தது தெரியுமா? அவருக்கே தெரியாம, மத்த ஆட்டக்காரரை விடக் குறைஞ்ச சம்பளம் குடுத்தது! விசுவாசத்துக்குக் கூலி அங்கயும் இங்கயும் ஒண்டுதான், மனசுல வெச்சிக்கோங்க.

1967 மே மாசம் லிஸ்பன்ல இன்டர் மிலானை 2-1 எண்டு அடிச்சு ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கினதும் இதே செல்டிக்தான். அந்தப் பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுத்தி முப்பது மைலுக்குள்ள பொறந்தவங்க. இவ்வளவு கோடி போட்டும் அந்தக் கிண்ணம் திரும்பி வரல்ல. ஊர்ப் பொடியனுகளை வெச்சு என்ன செய்ய ஏலும் எண்டு கேக்கிற நம்மட விளையாட்டுக் கழகத் தலைவர்மார் காதுல இதைக் கொஞ்சம் போடுங்க.

இன்னொரு ஆள் இரிக்கார், உங்கட விலைப் பட்டியல்ல தேடினாலும் கிடைக்கமாட்டார். கல்கத்தா முகம்மது சலீம். மொகமடன் ஸ்போர்ட்டிங்ல ஆடினவர். அது 1934ல கல்கத்தா லீக்கை வெண்ட முதல் இந்தியக் கழகம். 1936ல சொந்தக்காரர் ஒருவர் இவரைக் கிளாஸ்கோவுக்குக் கூட்டிப் போய் செல்டிக் மனேஜர் வில்லி மேலிக்கு முன்னால நிப்பாட்டினார். பூட்ஸ் போடமாட்டன் எண்டார் சலீம். காலுல பண்டேஜைச் சுத்திக்கிட்டு இறங்கினார். ஹமில்டனுக்கு 5-1, கால்ஸ்டனுக்கு 7-1. ஊரே வாயைப் பொளந்தது. ஆனா வீட்டு நினைப்பு விடல்ல. ரெண்டு மெச்சோட கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறிட்டார். வாங்கின விலை சைபர், வித்த விலை சைபர். தொண்ணூறு வருசம் ஆகப்போகுது, மூதூர்க் கிழவன் இன்னும் பேசிக்கிட்டு இரிக்கேன். எங்கெல்ஸைப் பத்தி உங்கட பேரன் பேசினா அப்ப பாப்பம்.

கேளுங்க மகன், விலை குடுக்காம ஆள் எடுக்கிறதுல நம்மட ஊர்தான் மூத்தது. 1659 கடைசியில பாய்மரம் ஒடைஞ்ச ஆன் எண்ட இங்கிலீசுக் கப்பல் நம்மட கொட்டியாத்துக் குடாவுக்குள்ள வந்தது. றொபேட் நொக்ஸ், அவர்ட வாப்பா கப்டன், கூட வந்த ஆக்கள் சிலரையும் ராசசிங்க மன்னன்ட ஆக்கள் பிடிச்சிக்கிட்டுப் போனாங்க. ஒப்பந்தமும் இல்ல, ஒரு சல்லியும் இல்ல. வாப்பா அங்கேயே மவுத். மகன் கண்டி ராச்சியத்துல 19 வருசம் கெடந்து, 1679ல அரிப்புப் பக்கத்தால தப்பினார். சம்பளமே குடுக்காம எந்தக் கழகமும் ஒரு ஆளை அவ்வளவு காலம் வெச்சிருக்காது!

இப்ப நம்மட காலத்துக்கு வாறன். செல்டிக் மாதிரிக் கழகத்துல ஆளை எடுக்கிறவன் காசு குடுக்கிறான். இங்க போற பொடியன் உம்மாட நகையை அடகு வெச்சு ஏஜென்சிக்காரனுக்குக் காசு குடுக்கிறான், கட்டாருக்குப் போய்ச் சீமெந்து தூக்குறதுக்கு. உலகத்துல ஆட்டக்காரனே தன்னை வித்துத் தானே விலை கட்டுற இடம் இதுதான். போன வருசம் சென்டர் ஃபோர்வர்ட், இந்த வருசம் கோல் கீப்பர், அடுத்த வருசம் கோல் போஸ்ட்டையும் விசா எடுத்து அனுப்பிருவாங்க.

போறதைத் தடுக்க நான் ஆள் இல்ல, வயிறு இரிக்கு. ஆனா நாப்பது பக்கக் கொப்பி ஒண்டு வாங்குங்க. இந்த மைதானத்துல யார் ஆடினது, யார் எத்தனை கோல் போட்டது, யார் எந்த நாட்டுக்கு எவ்வளவு கடனோட போனது எண்டு எழுதுங்க. செல்டிக்ட கணக்கை எழுத அங்க ஆள் இரிக்கு. நம்மட கணக்கை நீங்கதான் எழுதோணும். முதல் வரியில உங்கட வாப்பாட பேரை எழுதுங்க. எத்தனை கோல் எண்டு அவர்ட்டயே கேளுங்க. பாதியாக் குறைச்சுப் போட்டாச் சரியா இரிக்கும்.