லட்சுமி வெடி மேக்ஸ்

சிவகாசிக்காரனுக்குத் தள்ளுபடியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆயிரம் ரூபாய் என்று அச்சடித்து, எண்பது சதவீதம் கழித்து, இருநூறுக்குப் பட்டாசு விற்கிற ஊர் இது. ஆனால் ‘முழுக்க இலவசம்’ என்று போட எங்களுக்கே தைரியம் வந்ததில்லை.

ஃப்ரீ ஃபயர் என்ற மொபைல் கேம் போட்டது. பெயரிலேயே ஓசியும் இருக்கிறது, தீயும் இருக்கிறது. டவுன்லோடுக்குக் காசில்லை, உள்ளே போனால் வைரம் விற்பார்கள். அக்கா மகன் ஆடுவது வேறொன்று, அதுவும் ஓசிதான். அக்காவின் போனிலிருந்து முந்நூறு ரூபாய் போயிருந்தது.

“துப்பாக்கிக்குச் சட்டை வாங்கினேன் மாமா.”

“அது இல்லாட்டி சுடாதா?”

“சுடும் மாமா. இது சும்மா கெத்துக்கு.”

பட்டாசுப் பெட்டிக்கு நடிகை படம் அச்சடித்த ஊர்க்காரன் நான். லேபிளின் மகிமை தெரியாதா? என்ன, நாங்கள் லேபிளுக்கு உள்ளே வெடியும் வைப்போம். கிஃப்ட் பாக்ஸில் என்னென்ன இருக்கிறது என்று மேலேயே பட்டியலும் ஒட்டுவோம். இந்த மாதிரி கேம்களில் காசு கட்டிச் சக்கரம் சுற்றிய பிறகுதான் கையில் என்ன விழும் என்று தெரியும்.

2018 அக்டோபரில் ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. வாயை மூடிக்கொண்டோம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தது. பெயருக்குப் பின்னால் ‘மேக்ஸ்’ போட்ட அதன் அண்ணாச்சி மட்டும் பிளே ஸ்டோரில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இந்த யோசனை எங்களுக்குத் தோன்றவில்லையே! ‘லட்சுமி வெடி மேக்ஸ்’ என்று லேபிள் அடிக்க எத்தனை நாளாகும் என்று அச்சகத்தில் கேட்டிருக்கிறேன்.