பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுபவர்

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு, பால்காரருக்கும் முன்னால் கண்ணில் படுபவர் அவர்தான். ஒருவரில்லை, தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். வயது ஐம்பதுக்கு மேல். பம்ப்செட்டோ நூல் மில்லோ, தொழிலைப் பாதி மகன் கையில் கொடுத்தாயிற்று. 2013-ல் கோவை மாரத்தான் தொடங்கியபோது மருமகனை வழியனுப்பப் போனவர், தானும் ஒரு டி-சர்ட் வாங்கிக்கொண்டு திரும்பினார். அன்றிலிருந்து கல்யாண வீடானாலும் பட்டு வேட்டிக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூதான். கேட்டால், “செருப்புப் போட்டா முட்டி போயிருமுங்க.”

நாடித்துடிப்பு, தூக்கம், வைத்த அடி எல்லாம் அவர் கைக்கடிகாரத்துக்குள் அடக்கம். “ஏனுங்க, சௌக்கியமா?” என்றால் அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும்.

வாய்க்குள் நடப்பது மட்டும் அதில் ஏறாது. எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சை, தேன். கிளம்புமுன் ஒரு மூடி ஆப்பிள் சிடர் வினிகர். லாலி ரோட்டைத் தாண்டுவதற்குள் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பாட்டிலில் பாதி காலி, அதுவும் மடக்கு மடக்காக. வீடு திரும்பியதும் “வாயெல்லாம் புளிப்புங்க” என்று பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்ப்பார்.

முதலில் காட்டிக்கொடுத்தது காபி. ஓட்டம் முடிந்து கூட்டாளிகளோடு உட்கார்ந்து முதல் மடக்கு குடித்ததும் கீழ்ப்பல்லில் சுரீரென்றது. சூடு ஜாஸ்தி என்றார். மறுநாள் பச்சைத் தண்ணீரும் கூசியது. சிறுவாணித் தண்ணீரைக் குறை சொன்னால் கோயமுத்தூரில் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதால் பல் டாக்டரிடம் போனார்.

பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும் என்றார் டாக்டர். எலுமிச்சைச் சாறு இரண்டை ஒட்டியது. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பெரும்பாலும் மூன்று, நாலு. இந்தப் புளிப்பையெல்லாம் சமாளிக்க வாய்க்குள் எச்சில் என்றொரு சம்பளமில்லாத வேலையாள் இருக்கிறார். பைகார்பனேட்டால் அமிலத்தை முறிப்பார், கால்சியமும் பாஸ்பேட்டும் கொடுத்து இளகிய எனாமலைத் தேற்றப் பார்ப்பார். வாயைத் திறந்து மூச்சிரைக்க ஓடினால் அவர் லீவு போட்டுவிடுகிறார். நம் ஆள் புளிப்பை ஊற்றுவது சரியாக அந்த நேரத்தில்தான். பிறகு, இளகிக் கிடக்கும் எனாமலை பிரஷ் சுரண்டியெடுக்கிறது.

ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 35 டிரையத்லான் வீரர்களின் பல்லை, உடற்பயிற்சியே செய்யாத 35 பேரின் பல்லோடு ஒப்பிட்டார்கள். எனாமல் அரிப்பு வீரர்களுக்குத்தான் அதிகம். ஓட ஓட எச்சிலும் குறைந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் பல்லைக் காட்டிய 302 வீரர்களில் 45 சதவீதம் பேருக்கு அரிப்பு. டாக்டர் இதைச் சொன்னது பயமுறுத்தத்தான். இவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நம்மளதும் ஒலிம்பிக் பல்லுங்களா டாக்டர்?”

“புளிப்பைக் குறைங்க. ஓடறப்ப வெறுந்தண்ணி குடிங்க. புளிப்புக் குடிச்சா அரை மணி நேரமாவது பிரஷ்ஷைத் தொடாதீங்க” என்று சீட்டு எழுதினார் டாக்டர். முதல் இரண்டும் காதில் விழவில்லை. மூன்றாவதற்குக் கடிகாரத்தில் அலாரம் வைத்தாயிற்று. அது அடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே நின்று, போகிற வருகிறவர்களை நிறுத்தி, எனாமல், எச்சில், ஒலிம்பிக்ஸ் என்று விளக்குகிறார். பிரஷ் படாத வாய். ஓரெட்டுத் தள்ளி நின்றே கேளுங்கள்.