மீன் இல்லை, தாஷி மட்டும்தான்!

அனுப்புநர்
சென்னையிலிருந்து வந்து, தங்கள் ஒன்பதாம் மாடியில் தங்கியிருக்கும் சைவ விருந்தாளி.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
காலை உணவுப் பிரிவு,
மேற்படி ஹோட்டல், டோக்கியோ.

பொருள்: காலைப் பஃபேயில் கண்ணுக்குத் தெரியாமல் நீந்தும் மீன் தொடர்பாக.

பார்வை: தங்கள் வரவேற்பு மேசையில் வழங்கப்பட்ட காலை உணவுச் சீட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

அறையில் பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை, நடக்க நினைத்தால் பெட்டியை மூட வேண்டும் என்று குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. குளியலறை மொத்தமும் ஒரே வார்ப்பாக இருப்பதிலும் எனக்கு வருத்தமில்லை. 1964 ஒலிம்பிக்குக்காக ஹோட்டல் நியூ ஓட்டானியை அவசர அவசரமாகக் கட்டியபோது, தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து பொருத்திய குளியலறைகளின் வம்சம் அது என்று அறிவேன். என் மனு சாப்பாடு பற்றியது மட்டுமே.

ஒரே கட்டணம், வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை இம்பீரியல் ஹோட்டல் 1958இல் உங்கள் நாட்டில் தொடங்கிவைத்தது. அந்தப் புண்ணியத்தைத் தாங்கள் சிறப்பாகவே காப்பாற்றி வருகிறீர்கள். வரிசையில் ஒருவரும் முண்டவில்லை. இடுக்கியை எடுத்தவர் எடுத்த இடத்திலேயே வைக்கிறார். மேசையில் ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற அட்டையை வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வரும்வரை நாற்காலி நமக்கே. எங்கள் கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்.

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஓர் அட்டை, அதில் குட்டிப் படங்கள்: முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு. இத்தனை அக்கறையைப் பார்த்து நெகிழ்ந்து, கீரை இருந்த பாத்திரத்தின் அருகே போனேன். வேகவைத்துப் பிழிந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி அடுக்கிய பசலை. அதன் தலையில் இளஞ்சிவப்பாக, மரச்சீவல் போல ஏதோ தூவியிருந்தது. அட்டையில் கோதுமையும் சோயாவும் மட்டுமே இருந்தன.

“இதில் மீன் உண்டா?” என்று தங்கள் பணிப்பெண்ணிடம் கேட்டேன். குனிந்து வணங்கினார், உள்ளே போனார், வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவரை அழைத்துவந்தார். இருவரும் கலந்து பேசினார்கள். பிறகு மலர்ந்த முகத்தோடு தீர்ப்பு வந்தது: “மீன் இல்லை. தாஷி மட்டும்தான்.”

ஐயா, அந்தத் தாஷி எது? சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை போல உலர்த்திச் சீவி, கொதிநீரில் இட்டு இறக்கிய சாறு. எங்கள் கடற்கரையில் அதன் பங்காளிக்கு மாசிக் கருவாடு என்று பெயர். அதைப் போட்டுவிட்டு ‘இதில் மீன் இல்லை’ என்று சொல்லும் துணிச்சல் தூத்துக்குடியில் யாருக்கும் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முழு மீனைத் தண்ணீரில் மறைக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

விசாரித்ததில் மிசோ சூப்பில் தாஷி. சுருட்டிய முட்டையில் தாஷி. கேரட்டோடு வதக்கிய கறுப்புக் கடற்பாசியில் தாஷி. உதோன் நூடுல்ஸ் குழம்பில் கேட்கவே வேண்டாம். கடைசிப் புகலிடமாக நத்தோவிடம் போனேன். நொதித்த சோயா, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் சுத்த சைவம். ஆனால் அதனுடன் தரும் பொட்டலச் சாற்றிலும் சூரை! தூணிலும் துரும்பிலும் இருப்பான் என்று பிரகலாதன் சொன்னது இதைத்தான் போலும். முதல் அவதாரமே மீன் என்பதால், நான் மறுத்துப் பேசவும் வழியில்லை.

தாங்கள் சட்டத்தை மீறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். உங்கள் நாட்டு ஒவ்வாமைப் பட்டியலில் சால்மனும் கானாங்கெளுத்தியும்கூடப் பரிந்துரை வரிசையில் இடம்பிடித்துவிட்டன. சூரைக்கு மட்டும் இடமில்லை. வாழைப்பழத்துக்கு அஞ்சுகிறவருக்கும் ஆப்பிளுக்கு அஞ்சுகிறவருக்கும் அதில் வழி உண்டு. மீன் உண்ணாதவர் மட்டும் வெள்ளைச் சோற்றையும் ஆரஞ்சுச் சாற்றையும் வைத்துக்கொண்டு ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அட்டை சொல்வது அந்த மேசையில் முழு உண்மை அல்ல.

இதற்கு மருந்து தேடித் தாங்கள் சென்னைக்கு வர வேண்டாம். உங்கள் புத்த மடங்களின் சோஜின் சமையலில் கொம்பு எனும் கடற்பாசியையும் உலர்ந்த ஷீதாகே காளானையும் ஊறவைத்தே தாஷி எடுக்கிறார்கள். 1908இல் பேராசிரியர் இகேதா கிகுனாயே உமாமிச் சுவையின் மூலத்தைப் பிரித்தெடுத்ததும் அந்தக் கடற்பாசியிலிருந்துதான், மீனிலிருந்து அல்ல. சுவை குறையும் என்ற சாக்கு அந்த ஆண்டோடு காலாவதியாகிவிட்டது.

எனவே தங்கள் சமூகத்துக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: இருபது பாத்திரங்களில் ஒன்றே ஒன்றில், மிசோ சூப்பானாலும் சரி, கீரையானாலும் சரி, கடற்பாசித் தாஷி ஊற்றுங்கள். மற்றவற்றின் அட்டையில் ஒரு மீன் படம் சேருங்கள். முன்னதற்கு முதல் நாள் இரவே ஒரு துண்டு கொம்பை ஊறப்போட வேண்டும். பின்னதற்கு அரை அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வெள்ளைச் சோற்றை மனமாரப் பாராட்டும்,
ஒன்பதாம் மாடி சைவர்.