பெஞ்சு வாரியாக ஓர் ஊர்

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் மிடில் என்றொரு ஊர் இருக்கிறது. ஒரு தேவாலயக் கோபுரம், இடிந்த கோட்டையில் மிஞ்சிய ஒரு துண்டு, கொஞ்சம் வீடுகள். காரில் போனால் பெயர்ப்பலகையைப் படித்து நிமிர்வதற்குள் ஊர் முடிந்துவிடும். ஆனால் நானூறு ஆண்டுக்கு முந்தைய இந்த ஊர்க்காரர்களின் வண்டவாளம் எனக்குத் தெரிந்த அளவுக்கு என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் தெரியாது.

புண்ணியம் கட்டிக்கொண்டவர் ரிச்சர்ட் காஃப். 1635இல் பிறந்தவர். இதே பங்கைச் சேர்ந்த நியூட்டன் என்ற குக்கிராமத்தில் சொந்த நிலம் வைத்துப் பிழைத்தவர், லத்தீனும் படித்தவர். அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகு, 1701 வாக்கில், ஊர்க் குடும்பங்களின் கதையை எழுத உட்கார்ந்தார். அதற்கு அவர் பிடித்த வழி அலாதியானது. தேவாலயத்தின் பெஞ்சுகளைப் படம் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பெஞ்சாக, அதில் உட்காரும் உரிமை எந்த வீட்டுக்கு, அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் யார், யார் உழைத்து நிலம் சேர்த்தார், யார் குடித்தே அதைத் தொலைத்தார் என்று எழுதிக்கொண்டே போனார்.

பெஞ்சு அன்று சாதாரண விஷயமில்லை. அது நிலத்தோடும் வீட்டோடும் ஒட்டியது. வீடு கை மாறினால் பெஞ்சும் மாறும். முன்னால் பெரிய மனிதர்கள், அடுத்து விவசாயிகள், கடைசியில் குடிசைவாசிகள். ஒரு சமயம் பொடியன்களும் வரி கட்டாதவர்களும் பெரியவர்களைத் தாண்டி முன்னால் உட்கார்ந்துவிட, இது அடுக்காது என்று பங்கே கூடி விவாதித்திருக்கிறது. ஆண்டவர் முன்னிலையில் எல்லாரும் சமம் என்ற பிரசங்கத்தை யார் எங்கே உட்கார்ந்து கேட்பது என்பதுதான் தகராறு.

நான் இந்த வட்டாரத்துக்குக் குடிவந்த புதிதில், எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தாமதமாகப் போனேன். பின்வரிசைகள் நிரம்பி வழிந்தன. முன்னால் நான்கு வரிசை காலி. பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரே போதகர். அவர் எவ்வளவோ கெஞ்சியும் ஒருவரும் முன்னால் நகரவில்லை. பரம்பரை பரம்பரையாகச் சண்டை போட்டுக் காத்த இடத்தில், நேற்று வந்த நான் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

காஃப் யாருக்கும் தாட்சண்யம் பார்க்கவில்லை. தாமஸ் ஹேவர்டுக்கு வீட்டில் நிம்மதியில்லை, அதனால் வயிற்றுக்காகச் சாராயக்கடைக்குப் போனார், நல்ல மனிதர் என்பதால் கூட்டாளிகள் விடவில்லை என்று பரிவோடு எழுதுகிறார். ரீஸ் வென்லாக் அடுத்தவர் வேலியைப் பிடுங்கி அடுப்பெரிப்பவர். வேலிக்குச் சொந்தக்காரர் வீட்டு வேலையாள் ஒரு கட்டையில் துளை போட்டு, வெடிமருந்தை அடைத்து, வேலியிலேயே செருகி வைத்தான். ரொட்டி சுடும் நாளில் வென்லாக்கின் அடுப்பு மேற்பக்கம் பறந்தது.

ஜான் ஆஸ்டன் கோழித் திருடர். 24 கோழிகளோடு அகப்பட்டார். 12 பென்சுக்கு மேல் திருட்டு என்றால் தூக்கு என்பது அன்றைய சட்டம். அப்பாவி ஆள் என்று நீதிபதி கோடி காட்ட, ஜூரிகள் கூடிப் பேசிக் கோழிகளின் மொத்த மதிப்பு 11 பென்ஸ் என்றார்கள். இந்தச் சீமையில் கோழி இவ்வளவு மலிவா என்று நீதிபதி சிரித்தாராம். காஃப் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலையை மட்டும் குறித்து வைத்தார்.

1642இல் உள்நாட்டுப் போர் மூண்டு மன்னர் படைக்கு மிடில் மேட்டில் ஆள் எடுத்தபோது காஃப் சிறுவர். வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். வாரம் 4 ஷில்லிங் 8 பென்ஸ் சம்பளம் என்றார்கள். மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் 20 பேர் போனார்கள்; 13 பேர் திரும்பவில்லை. இன்று இங்கிலாந்துக் கிராமம்தோறும் உலகப் போர் நினைவுச் சிலுவை நிற்கிறது, பெயர்கள் மட்டும், எல்லாரும் வீரர்கள். காஃப் பட்டியலில் அப்படியில்லை. வீடுவாசல் இல்லாமல் ஊர் ஊராகத் தைத்துத் திரிந்த சோம்பேறித் தையல்காரர் ஒருவர் இருக்கிறார். எந்த இடத்தில் செத்தார் என்றே தெரியாத நல்ல பிள்ளை ஒருவரும் இருக்கிறார். எனக்கு இந்தப் பட்டியல்தான் உறைக்கிறது.

இதெல்லாம் அச்சேறியது 1834இல், காஃப் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு. இப்போது எழுதினால் அவதூறு வழக்கு, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாக வரும். எங்கள் ஊர் மன்றத்தின் கூட்டக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். நாய்க்கழிவு, வேகத்தடை, வேலி வெட்டும் காலம். வேலியைத் திருடியவர் பெயர் இருக்காது.

ஆனால் முன்னோர் பித்து மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 1538இல் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவால் பங்குதோறும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதி வைத்தார்கள். வாழ்க்கைக்கு மூன்று வரி, அவ்வளவுதான். அதைத் துழாவத்தான் ஆவணக் காப்பகத்தில் ஓய்வுபெற்றவர்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தாவின் தாத்தா மாஜிஸ்திரேட் என்றால் கொட்டாவி விடுகிறார்கள். ஆடு திருடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர் என்றால் நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வருகிறார்கள். விக்டோரியா காலத்துப் பாட்டிகள் அரும்பாடுபட்டு மறைத்ததை, பேத்திகள் சந்தா கட்டித் தேடுகிறார்கள்.

ஊர் மண்டபத்தில் நடந்த ஒரு குடும்ப வரலாற்றுக் கண்காட்சியில் ஒரு மூதாட்டி தன் வம்ச விளக்கப்படத்தைக் காட்டினார். சிவப்பு மையில் வட்டமிட்டது கள்ளச்சாராயம் காய்ச்சியவர். பச்சை, இரண்டு பெண்டாட்டிக்காரர். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் வம்சத்தில் யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"எங்கள் வீட்டில் எல்லாரும் ரொம்ப நல்லவர்கள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.