கார்ட் மகாத்மியம்

பேதம் பார்க்காத உள்ளத்தைத் தேடி இமயமலைக்குப் போகிறவர்கள் வீணாகக் காசைச் செலவழிக்கிறார்கள். பதுளை டவுனில் ஏதாவதொரு காப்புறுதிக் கந்தோருக்குள் நுழைந்தால் போதும். "த்ரீவீல், ஹயர் ஓட்டம், தேர்ட் பார்ட்டி" என்று சொல்லுங்கள். வாகனத்தின் புத்தகத்தைப் பார்ப்பார்கள், காசை எண்ணுவார்கள், காப்புறுதிக் கார்டை நீட்டுவார்கள். போன வருடம் எத்தனை தரம் பொலிஸில் மாட்டினீர்கள், குடித்துவிட்டு ஓட்டி நீதவானைச் சந்தித்தீர்களா, போனைக் காதில் செருகிக்கொண்டு நமுனுகுலை வளைவுகளை எடுத்ததுண்டா என்றெல்லாம் ஒருவருடைய அந்தரங்கத்தைக் கிளறும் பழக்கம் அங்கே கிடையாது. எவ்வளவு நாகரிகமான மனிதர்கள்!

ஸ்பிரிங்வெளிப் பக்கம் இருபது வருடமாக ஒரு கோழியைக்கூட உரசாமல் த்ரீவீல் ஓட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தபடியே வந்து, வளைவில் முந்தி, முன்சீட்டில் இரண்டு பேரையும் பின்சீட்டில் ஐந்து பள்ளிப் பிள்ளைகளையும் அடுக்கிக்கொண்டு பறக்கிற தம்பியும் இருக்கிறார். இருவருக்கும் அதே கார்ட், அதே கட்டணம். தம்பி கொண்டுவரும் ஆபத்தின் விலையில் ஒரு பங்கைப் பெரியவர் வருடாவருடம் சந்தோஷமாகக் கட்டிவிடுகிறார். அவருக்குத் தெரியாமலே அவரைப் புண்ணியம் செய்யவைக்கிற ஏற்பாடு வேறு எந்தத் தொழிலில் உண்டு?

ஸ்காபரோவில் இருக்கும் நம்மவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. ஒன்டாரியோவில் வேகமாக ஓடி ஒரு டிக்கெட் வாங்கினால், அது மூன்று வருடம் காப்புறுதிக் கட்டணத்தில் ஒட்டிக்கொண்டு வரும். குற்றம் கூடினால் வழக்கமான கம்பனிகள் கையை விரித்துவிடும். கடைசிப் புகலிடமான 'ஃபசிலிட்டி அசோசியேஷன்' வழியாகத்தான் பெரும் விலைக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டம், 6 புள்ளி. அந்தக் கறை அனுமதிப்பத்திரத்தை விட்டுப் போக நான்கு வருடம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் குடித்து ஓட்டி மாட்டியவருக்காக, அவருடைய கம்பனியே 'எஸ்.ஆர்.-22' என்ற படிவத்தை அரசாங்கத்துக்கு அனுப்பி உத்தரவாதம் சொல்ல வேண்டும். பக்கத்து இந்தியாவில்கூட, போக்குவரத்துக் குற்றத்துக்கு ஏற்பக் கட்டணத்தை ஏற்றலாமா என்று 2021 ஜனவரியில் ஒரு வரைவை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். மனிதன் செய்த பிழையை இப்படியா வருடக்கணக்கில் ஞாபகம் வைத்துக்கொள்வது? மன்னிக்கத் தெரியாத நாடுகள்.

நம் நாட்டுக்கும் இந்த ஆபத்து வரத்தான் பார்த்தது. மோட்டார் வாகனச் சட்டத்தை 2009இல் திருத்தி, குற்றம் செய்யும் சாரதிக்குப் புள்ளி போடும் முறைக்கு வழி வைத்தார்கள். 24 புள்ளி சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இரத்தாகும் என்று பின்னால் ஓர் அறிவிப்பு. அப்புறம் இன்னோர் அறிவிப்பு. அரசாங்கங்கள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். 'அடுத்த வருடம் நிச்சயம்' என்ற வாக்கு மட்டும் மாறாமல் நின்றது. சாரதிகளைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்ற கரிசனம்தான், வேறென்ன?

ஆனாலும் நம் காப்புறுதிக்காரர்கள் நல்லவர்களைக் கண்டுகொள்வதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தவருக்கு 'நோ கிளெய்ம் போனஸ்' உண்டு. கிளெய்ம் கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் கட்டணம் குறைந்துகொண்டே போகும். கவனியுங்கள், பரிசு ஒழுங்காக ஓட்டியதற்கு அல்ல, கேட்காமல் இருந்ததற்கு. இந்த நுட்பத்தைப் பசறை ரோட்டு வேன் முதலாளிகள் கம்பனிகளைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு ரோட்டோரமாக வந்த பெண்ணின் காலில் வேன் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி நேரே தோட்டத்து லயத்துக்கே வந்துவிடுவார். "அண்ணே, பொலிஸு கோர்ட்டுன்னு போனா நமக்குத்தான் அலைச்சல். ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்துக்குறேன். இத வச்சுக்குங்க" என்று ஐயாயிரம் ரூபாவைக் கணவன் கையில் வைப்பார். கணவனுக்கும் காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். பேசி முடித்தாயிற்று. கால் கூடும்வரை அந்தப் பெண்ணுக்கு எத்தனை பேர் போகும் என்பது கணக்கப்பிள்ளையின் கவலை. முதலாளியின் போனஸ் அடுத்த வருடம் இன்னும் ஒரு படி ஏறும். கம்பனியின் பதிவில் அவர் ஒரு குற்றமும் அறியாத உத்தமர்.

தண்டத்திலும் குறை வைக்கவில்லை. காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 25,000 ரூபா என்று 2016 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். டிசம்பரில் தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து தங்கள் மகிழ்ச்சியைத் தெரிவித்தார்கள். சட்டமாகிப் புத்தகத்தில் ஏற 2019 ஆகிவிட்டது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால், தோட்டத்துப் பையன் ஒருவன் பழைய மோட்டர்சைக்கிளுக்குக் கார்ட் புதுப்பிக்க மறந்ததற்கு 19 பேர் போட்டால் கடன் தீரும். கார்டின் விலையைவிடத் தண்டம் பல மடங்கு என்பதால் எல்லாரும் கார்ட் வாங்குகிறார்கள். வாங்கி, புகைச் சான்றிதழோடு சேர்த்துப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, வருமான அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறார்கள். கார்ட் பிறந்த பயன் அத்தோடு நிறைவேறிவிடுகிறது. அந்த 25,000 ரூபாவில் ஒரு சதமாவது காலுடைந்தவளுக்குப் போகுமா என்று கேட்பது அற்பத்தனம். தண்டம் அரசாங்கத்துக்கு, கால் அவளுக்கு.

மலைக்கும் சமவெளிக்கும்கூடக் கார்ட் பேதம் பார்ப்பதில்லை. பெரகலை வளைவில் இறங்குகிற லொறிக்கும் பொலன்னறுவை வயல் நடுவே நேர்கோட்டில் போகிற லொறிக்கும் ஒரே நீதி. 2021 மார்ச் 20 அன்று, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் வீடு திரும்பவில்லை. 2025 செப்டம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய வீதியில், தங்காலை நகரசபை ஊழியர்கள் சுற்றுலா வந்த பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இப்படி ஒவ்வொன்று நடந்ததும் அதிகாரிகள் காட்டும் சுறுசுறுப்பைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. சந்திக்குச் சந்தி மறிப்பு, பிரேக் பரிசோதனை, டயர் பரிசோதனை, கார்ட் இருக்கிறதா, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? சாரதியின் பழைய குற்றங்களை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். அவற்றைக் கேட்பதற்கு ஏற்ற இடம் இன்னும் உருவாகவில்லையே. பத்திரிகையில் செய்தி உள்பக்கத்துக்குப் போகும் நாளில் பரிசோதனையும் மரியாதையோடு விலகிக்கொள்ளும்.

கார்ட் யாருக்காக இருக்கிறதோ, அந்த மூன்றாந்தரப்பு ஆளுக்குச் சட்டம் தரும் மரியாதையோ இன்னும் பெரியது. காலுடைந்தவள் வழக்குப் போட விரும்பினால் தாராளமாகப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். வழக்குத் தொடங்குமுன்போ தொடங்கி 7 நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போக வேண்டும். போகாவிட்டால் தீர்ப்பு அவள் பக்கம் வந்தாலும் கம்பனிக்குக் கவலையில்லை. தோட்டத்து லயத்தில் இருக்கும் எவருக்கும் இது தெரிந்திருக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள். நம் மக்களின் சட்ட அறிவுமேல் அவர்கள் வைத்த நம்பிக்கை மெய்சிலிர்க்க வைக்கிறது. லோயர் காசு, தவணைக்குத் தவணை டவுனுக்கு பஸ் காசு, வைத்தியச் சான்றிதழ் எல்லாம் அவளுக்கு உலக அனுபவமாகச் சேரும்.

அடித்துவிட்டு ஓடிப்போன வாகனம் எது என்று தெரியாவிட்டால் கதை வேறு. அப்போது வீதிப் பாதுகாப்பு தேசிய சபைக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்கென்றே நட்டஈடு வைத்திருக்கிறார்கள். ஆகவே மடுல்சீமை ரோட்டில் ஒரு மனிதரைத் தட்டிவிட்டு நிற்காமல் பறக்கிற சாரதியை ஏசுகிறவர்கள் விஷயம் தெரியாமல் ஏசுகிறார்கள். அவர் நின்றிருந்தால் அந்தக் குடும்பம் பதுளை நீதிமன்றப் படியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஓடிப்போனதால் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும் என்றாகிவிட்டது.