சோம்பேறிதாம்லே முதலு!

ஏலே பேராண்டி, உலகத்தையே புரட்டிப் போடுற ஆப்பு செய்யப் போறேன்னு கட்டில்ல படுத்து யோசிச்சுக்கிட்டே கெடக்கியே, எந்திரிச்சு உக்காரு. ஒனக்கு உலகமெல்லாம் எதுக்கு? ஒன்ன மாதிரி நாலு சோம்பேறிய உத்துப் பாரு, போதும்.

ஜகார்த்தாவுல அப்படித்தான் நடந்துச்சு. ஆள் ஏத்துற வாடகை பைக்குக்கு அங்க ஓஜெக்னு பேரு. ஓட்டுறவன் சவாரி கெடைக்காம பொழுதன்னிக்கும் தெருமுக்குல குத்தவச்சுக் கெடப்பான். நாடியம் மகாரிம்னு ஹார்வர்டு படிச்ச பய ஒருத்தன், 2010-ல இருபது ஓட்டுநரச் சேத்து, போன் அடிச்சா வண்டி அனுப்ப ஆரம்பிச்சான். அதுதான் கோஜெக். 2015-ல ஆப்பாச்சு. பொறவு பாரு கூத்த! சோறு வாங்கியாறது, மருந்து வாங்கியாறது, வீடு பெருக்க ஆள் விடுறது, கடைசியில கைகால் பிடிச்சுவிடக்கூட ஆள் அனுப்புனான்லே. எல்லாம் ஒங்க ஆத்தா ஓசியில செஞ்ச வேலைதான். அவன் ரேட்டுப் போட்டான், அம்புட்டுதான்.

சீனாக்காரன் சோம்பேறிய விட்டுட்டுக் குடிகாரனப் பிடிச்சான். குடிச்சிட்டுக் கார் ஓட்டுனா கிரிமினல் குத்தம்னு 2011-ல சட்டம் போட்டுட்டாக. அதுக்காகக் குடிய விடுவானா? ஆப்ப அமுக்குறான். மடக்குற பேட்டரி வண்டியில ஒருத்தன் வாரான். குடிகாரன் கார் டிக்கியில விரிப்ப விரிச்சு, வண்டிய மடக்கி அலுங்காம வைக்கான். ஐயாவ அவரு கார்லயே வீட்டுல எறக்கிட்டு, வண்டிய விரிச்சு அடுத்த குடிகாரனத் தேடிப் போயிருதான். ஒங்க சித்தப்பன நாலு பேரு தூக்கியாந்த காலத்துல நமக்கு இது தோணலியே!

புதுவருசத்துக்குச் செவப்பு உறையில துட்டு குடுக்கிறது அங்க வழக்கம். 2014-ல வீசாட்ங்கிற ஆப்பு அத போனுக்குள்ள ஏத்திருச்சு. குரூப்புல துட்டப் போட்டா, முந்தித் தொட்டவனுக்குத்தான். எம்புட்டுங்கிறது குலுக்கல். மாமனுக்கு அள்ளும், மச்சானுக்குக் கிள்ளும். சாப்பாடு ஆறிப்போகும், ஒருத்தனும் தலை நிமிர மாட்டான்.

நம்மாளு மட்டும் லேசுப்பட்டவனா? 2021-ல மதுரையில கல்யாணப் பத்திரிகையிலயே கியூஆர் கோடு அச்சடிச்சு மொய் கேட்டாக. ‘பர்ச மறந்துட்டேன்’னு பந்திய முடிச்சு நழுவுறவனுக்கு இருந்த ஒரே சாக்கும் போச்சு.

ஆனா, வாங்குன மொய்யத் திருப்பிச் செய்யாம ஒளியுறவன் இருக்கானே, அவனப் பிடிக்க ஒரு ஆப்பு செய்யி. நம்ம மொய் நோட்டு டிரங்குப் பெட்டியில கெடக்கு. ஒங்க மாமன் பேருல இருந்து ஆரம்பி.