பாதி ஆட்டுக்கு 'இஸ்'ஸா, 'ஆர்'ஆ?

ஏலே பேராண்டி, இங்கிலீஸ் பரீட்சையில 'இஸ்' போடவா 'ஆர்' போடவான்னு முழிச்சியாமே? ஆச்சி சொன்னா. இங்கன வந்து உக்காரு. நான் அஞ்சாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவந்தான். ஆனா 20 வருசம் டியூசன் வாத்தியார் வீட்டுக்குப் பால் ஊத்துனவன். நீ காசு கொடுத்துக் கோட்டை விட்டதை, நான் பால்ல தண்ணி கலந்துக்கிட்டே புடிச்சிட்டேன்.

'ஹாஃப் ஆஃப்'னு ஒண்ணு இருக்கு பாரு, அதுக்குச் சொந்தப் புத்தி கெடையாது. மாட்டுத் தரகன் மாதிரி, எதுத்தாப்ல நிக்கிறவனைப் பாத்துத்தான் பேச்சை மாத்தும். பால்ல பாதின்னா 'ஹாஃப் ஆஃப் த மில்க் இஸ்'. ஆட்டுல பாதின்னா 'ஹாஃப் ஆஃப் த கோட்ஸ் ஆர்'. 'சம்', 'மோஸ்ட்', 'ஆல்' எல்லாம் அதே தொழில்தான்.

'ஒன் ஆஃப் த கோட்ஸ்' ரோசக்காரன். பின்னால நூறு ஆடு நின்னாலும் 'இஸ்'தான். ஆட்டுக்கூட்டத்தைப் பாத்ததும் நீ 'ஆர்' போட்டிருப்ப, எனக்குத் தெரியாதா?

வில்லங்கம் இனிமேதான். 'எ நம்பர் ஆஃப் கோட்ஸ்'னா பல ஆடு, 'ஆர்'. 'எ'யைத் தூக்கிட்டு 'த' போட்டா பேச்சு ஆட்டைப் பத்தி இல்ல, எண்ணிக்கையைப் பத்தி, 'இஸ்'. பத்திரத்துல ஒரு எழுத்து மாறுனா வரப்பே மாறுற கதைதான்.

500 ரூவாய்க்கு வெள்ளைக்காரன் 'இஸ்' போடுவான். எத்தனை நோட்டா இருந்தாலும் ஒரே முடிச்சு. காசுல அவன் விவரம். ஆனா 'மோர் தேன் ஒன் கோட் இஸ் மிஸ்ஸிங்'குறானே, ஒண்ணுக்கு மேலன்னா ரெண்டாவது இருக்கணும்லா? இவனை நம்பி ஆட்டை மேய்க்க விடலாமால?

நாம பத்து ஆட்டுக்கும் 'வந்துச்சு'ன்னுதான் சொல்றோம். ஒண்ணுக்கும் 'ஆடு'தான், பத்துக்கும் 'ஆடு'தான்; அந்த வார்த்தைக்குத் தமிழ் வாத்தியார் 'பால்பகா அஃறிணை'ன்னு பேரு வச்சு விட்டுட்டாரு. பத்து மனுசனுக்கு 'வந்தான்'னு சொல்லிப் பாரு, பத்துப் பேரும் அடிக்க வருவான்.

'நன் ஆஃப் த கோட்ஸ்'க்கு ரெண்டும் செல்லும். 'இஸ்'தான் சரின்னு மல்லுக்கட்டுற வாத்தியாரும் இருக்காக. உன் பேப்பரைத் திருத்துறவரு எந்தக் கட்சியோ.

சரி, எந்திரி. பட்டியில போயி எண்ணிட்டு வந்து, 'த நம்பர் ஆஃப் கோட்ஸ்'னு தொடங்கிச் சொல்லு. ஒண்ணு கொறஞ்சா, இலக்கணத்தை விட்டுட்டு ஆட்டைத் தேடுலே.